திருநங்கை மனநல மருத்துவரிடம் போனால் ஆணாக மாற்றப் பார்ப்பார்களா?

தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, ஹார்மோன் மாத்திரை எடுக்கிறேன், டாக்டர் என்னை மாற்றப் பார்ப்பாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானது. ஆனாலும் போங்கள். அப்படி மாற்றும் முயற்சிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை போட்டது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்றது.

உட்கார்ந்ததும், "என் பாலினத்தில் எனக்குக் குழப்பமில்லை. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும்தான் வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அடுத்து, மாத்திரை அட்டைகளை மேஜைமேல் வையுங்கள். பலர் மறைப்பது இதைத்தான், சிக்கலும் இங்கேதான். ஆண் ஹார்மோனை அடக்கும் சைப்ரோடெரோன் மாத்திரை சிலருக்கு மனச்சோர்வையே கொண்டுவரும். வலிப்புக்கும் மனநிலை ஏற்றத்தாழ்வுக்கும் தரும் கார்பமசெபின் கொடுத்தால் கல்லீரல் ஈஸ்ட்ரோஜனை வேகமாகச் சிதைத்துவிடும், ஹார்மோன் அளவு இறங்கும். ஆண் ஹார்மோனைத் தடுக்க ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவருக்கு, மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மாத்திரை எழுதினால் ரத்தத்தில் லித்தியம் ஏறலாம். கைநடுக்கம், வாந்தி, தடுமாற்றம் வரும். நீங்கள் திருநம்பியாக (டிரான்ஸ் ஆணாக) இருந்தால், டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு முந்தைய சில நாட்களில் மட்டும் மனம் சரிகிறதா என்று காலண்டரில் குறித்துக் காட்டுங்கள். ஊசி இடைவெளியைத் திருத்தினாலே சரியாகலாம். இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர் கேட்க மறந்தால் நீங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். முதல் வாரத்திலேயே விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு மனநலச் சிகிச்சையில் உங்களுக்காகப் பேச ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம். அவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், சம்மதமும் வேண்டும். ஜமாத்தில், அதாவது திருநங்கையர் குடும்பத்தில், உங்களை மகளாக ஏற்ற அம்மாவாக இருக்கலாம், தோழியாக இருக்கலாம். அந்தத் தாள் இல்லையென்றால் அந்த இடத்துக்கு ரத்த உறவுகள் வந்து நிற்பார்கள். உங்களை வீட்டைவிட்டுத் துரத்தியவர்களே நீங்கள் மயங்கிக் கிடக்கும்போது உங்களுக்காகப் பேசுவார்கள்.

சாகலாம் என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம், உடனே 14416. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் இது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்விக்கு வெளியே ஒன்று. மருத்துவமனையில் ஓ.பி. (வெளிநோயாளி) சீட்டு போடும் இடத்தை யாரும் திருத்துவதில்லை. மருத்துவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அத்தனை பேர் முன்னால் பழைய பெயரைக் கத்திக் கூப்பிட்டால் அந்தத் திருநங்கை மறுபடி அந்த வாசலை மிதிக்கமாட்டாள். சீட்டு வாங்கும்போதே கூப்பிட வேண்டிய பெயரை மேலே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்.