பைபாஸும் இரவு முழிப்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 69 வயது. மூன்று மாதத்துக்கு முன் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று கிராஃப்ட் (அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வைத்துத் தைக்கும் மாற்றுக் குழாய்). இடது காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்தார்கள். புண்கள் ஆறிவிட்டன, நடைப்பயிற்சி போகிறேன், எக்கோவும் நன்றாக இருக்கிறது என்றார்கள். தூக்கம்தான் இல்லை. எட்டரைக்கே படுத்துவிடுகிறேன், கண் அசரப் பதினொன்று ஆகிறது. பன்னிரண்டரை, இரண்டு, மூன்றரை என்று சிறுநீர் கழிக்க எழுகிறேன். நடுவில் கெட்ட கனவுகள். நாலரைக்கு மேல் தூக்கம் வருவதில்லை, இருந்தாலும் ஆறரை வரை படுத்தே கிடக்கிறேன். மதியம் இரண்டு மணி நேரம் அசந்துவிடுகிறேன். நெஞ்செலும்பு விலகிவிடுமோ என்ற பயத்தில் இன்றுவரை மல்லாந்துதான் படுக்கிறேன். குறட்டை நடுவில் நின்றுபோய், பிறகு திமிறிக்கொண்டு மூச்சு வருகிறது என்கிறார் என் மனைவி.

சிறுநீர் பிரிவதற்கான ஃபுரோசமைடு காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும், இரவில் மெட்டோப்ரோலாலும் (துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்க) அட்டார்வாஸ்டாட்டினும் (கொழுப்பைக் குறைக்க), இவற்றோடு ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் எடுக்கிறேன். ஒரு நண்பர் அல்பிரசோலம் என்ற, பதற்றம் தணிக்கும் மாத்திரையைத் தூக்கத்துக்கென்று கொடுத்தார். நான்கு நாள் நன்றாகத் தூங்கினேன். ஐந்தாம் நாள் இரவு கழிவறைக்குப் போகும்போது கால் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அதைத் தொடரலாமா? தூக்கம் கெட்டால் கிராஃப்ட் கெட்டுவிடுமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சில மாதத் தூக்கக்கேட்டால் கிராஃப்ட் அடைபடாது. அந்தக் கவலையோடு படுப்பதே உங்கள் தூக்கத்தில் அரை மணி நேரத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

அல்பிரசோலத்தைத் தொடர வேண்டாம். நான்கைந்து நாள்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதால் அப்படியே நிறுத்திவிடலாம். (வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சாப்பிட்டு வருகிறவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.) ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்து உங்கள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகின்றன. இந்த நிலையில் கழிவறை வாசலில் தலை இடித்தால், மண்டைக்குள் கசியும் ரத்தம் எளிதில் நிற்காது. ஐந்தாம் நாள் சுவர் கைக்கு எட்டியது உங்கள் நல்ல நேரம். இரண்டாவது காரணம், இந்த மாத்திரை தொண்டைத் தசைகளையும் தளர்த்தும். உங்கள் மனைவி சொல்லும் குறட்டைக்கு அது ஆகவே ஆகாது. மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கிறதே என்று சளி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அதுவும் இந்த வயதில் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும்.

இனி உங்கள் இரவைப் பார்ப்போம். எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பதை எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள். எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது, ஏன் வந்தது என்பதுதான் உதவும். நீங்கள் நேரங்களை எழுதியிருப்பதால் என் வேலை பாதி முடிந்தது.

பன்னிரண்டரையும் இரண்டும்: வாய்வழி ஃபுரோசமைடு ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறிலிருந்து எட்டு மணி நேரம் நீடிக்கும். மாலை ஆறுக்குச் சாப்பிட்டால் நள்ளிரவு தாண்டும்வரை சிறுநீரகம் ஓயாது. இரண்டாவது வேளையைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘காலை, மாலை’ என்று மட்டும் இருந்தால், வீட்டில் மாலை என்பது ஆறு மணி ஆகிவிடுகிறது.

மாத்திரை மட்டும் காரணமாக இருக்காது. ரத்தக்குழாய் எடுத்த காலில் பகலெல்லாம் நீர் தேங்கும். படுத்ததும் அந்த நீர் மேலேறி ரத்தத்தில் கலந்து சிறுநீராக வெளியேறும். ஆகவே பகலிலேயே அதை வடிக்க வேண்டும். மாலை நான்கு மணி வாக்கில் ஒரு மணி நேரம், கால்கள் நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி உயர்த்திவைத்துப் படுங்கள். ஆனால் அப்போது தூங்கிவிடாதீர்கள். அழுத்தக் காலுறை சொல்லியிருந்தால் காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுமுன் மாட்டுங்கள். குடிக்கும் நீரில் பெரும்பகுதியை மாலை ஆறுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொன்ன மொத்த அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ஒரே ஒரு நாள் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அளவுக்கோடு போட்ட ஒரு குவளையை எடுத்துக்கொண்டு, 24 மணி நேரமும் ஒவ்வொரு முறை கழிக்கும் சிறுநீரையும் அளந்து, நேரத்தோடு எழுதுங்கள். படுத்த பிறகு கழித்ததோடு காலையில் எழுந்ததும் முதலில் கழிப்பதையும் இரவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரவுப் பங்கு மொத்தத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால், உடல் இரவில் அதிகம் சிறுநீரை உற்பத்தி செய்கிறது. மருந்து நேரம், கால் வீக்கம், இதயம், மூச்சு என்று தேட வேண்டும். இரவில் ஒவ்வொரு முறையும் 100, 150 மில்லிதான் வருகிறது, மொத்தமும் அதிகமில்லை என்றால் சிக்கல் சிறுநீர்ப்பையிலோ புராஸ்டேட்டிலோ இருக்கலாம். இந்த ஒரு தாளைக் கொண்டுபோனால் மருத்துவருக்கு அரை மணி நேரக் கேள்விகள் மிச்சம்.

மூன்றரை மணி: இங்கே உங்கள் மனைவியின் சாட்சியம்தான் முக்கியம். குறட்டை, பத்து விநாடிக்கு மேல் மௌனம், பிறகு திமிறல் என்று நடந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். இதய நோயாளிகளிடம் இது சர்வசாதாரணம். மூச்சுப்பாதை அடைபட்ட நிலையில் நெஞ்சு உள்ளே இழுக்க முயலும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. ரத்தத்தில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தவறாக நினைத்து, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. நமக்குத் தெரிவதெல்லாம் சிறுநீர் முட்டி எழுந்தோம் என்பதுதான். உண்மையில் எழுப்பியது மூச்சாக இருக்கலாம். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து அடைப்பு கூடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நெஞ்செலும்புக்குப் பயந்து நீங்கள் படுக்கும் விதமே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம்.

மனைவியிடம் சொல்லிக் கைபேசியில் பத்து நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள், தூக்கப் பரிசோதனை கேளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை இல்லாத மூச்சடைப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும், இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும். உறுதியானால் சிபாப் கருவி (முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது) தருவார்கள். முதல் இரண்டு வாரம் அந்த முகமூடி எரிச்சலாகத்தான் இருக்கும். பகலில் விழித்திருக்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகினால் இரவில் பிடுங்கி எறியத் தோன்றாது.

நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஓரளவு கூடி, பன்னிரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு உறுதியாகிவிடும். நீங்கள் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருமுறை கை வைத்துப் பார்த்து, எலும்பு அசையவில்லை என்று சொல்லிவிட்டால் ஒருக்களித்துப் படுக்கலாம்.

ஆனால் ஒரே நாளில் முழுதாகத் திரும்பவேண்டாம். முதல் மூன்று நான்கு இரவுகள் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை நீளவாக்கில் அண்டக்கொடுத்து, கால்வாசி மட்டும் சாயுங்கள். பழகிய பிறகு முழுதாகத் திரும்பலாம். அப்போது நெஞ்சுக்கு முன்னால் தடித்த தலையணை ஒன்று கட்டாயம் வேண்டும். மேல் கை அதன்மேல் கிடக்க வேண்டும். தலையணை மெல்லியதாக இருந்தால் கை கீழே தொங்கி, தோளை இழுத்து, நெஞ்சின் நடுவே வலிக்கும். “ஒருக்களித்தால் வலிக்கிறது” என்பவர்களில் பலருக்குச் சிக்கல் இந்தத் தலையணையின் தடிமன்தான். முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று. இடப்பக்கம் படுத்தால் இதயம் ‘திக் திக்’ என்று கேட்கிறது, மூச்சு முட்டுகிறது என்றால் வலப்பக்கம் படுங்கள். மல்லாந்து படுக்கும் நேரத்தில் தலைக்கு மட்டும் மூன்று தலையணை அடுக்கினால் கழுத்து மடிந்து மூச்சுப்பாதை இன்னும் குறுகும். சரிவு இடுப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

எழும்போது: இரண்டு முழங்கால்களையும் மடக்குங்கள். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வதுபோல் திரும்புங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்குங்கள். அந்தக் கனமே உடலைத் தூக்கிவிடும். அடியிலிருக்கும் முழங்கையை லேசாக ஊன்றினால் போதும். யாரையும் கையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். உட்கார்ந்தபின் ஒரு நிமிடம் பொறுத்து நில்லுங்கள். உங்கள் மாத்திரைகளில் இரண்டு ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை, சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். வழியில் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும்.

கனவுகள்: அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் சில நாள் கனவுத் தூக்கம் அற்றுப்போய், பிறகு வட்டியோடு திரும்பி வரும். ஆனால் மூன்று மாதம் கழித்தும் தொடர்ந்தால் மெட்டோப்ரோலாலையும் சந்தேகிக்க வேண்டும். அது மூளைக்குள் எளிதில் போகும், இரவில் சுரக்கும் மெலட்டோனினையும் குறைக்கும். காலைக்கு மாற்றலாமா, மூளைக்குள் அவ்வளவாகப் போகாத வேறு மருந்து தரலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. திடீரென்று விட்டால் நெஞ்சுவலியும் தாறுமாறான துடிப்பும் வரலாம். மெலட்டோனின் மாத்திரையும் மருத்துவரைக் கேட்டே. அட்டார்வாஸ்டாட்டின் நீண்ட நேரம் உடலில் இருக்கும் மருந்து, எந்த வேளையிலும் எடுக்கலாம். அதன்மேல் பழி போட வேண்டாம்.

இனி நாலரை மணி. இதற்கு மருந்தும் காரணமில்லை, இதயமும் காரணமில்லை. எட்டரையிலிருந்து ஆறரை வரை பத்து மணி நேரம் கட்டிலில் இருக்கிறீர்கள். தூங்குவது சுமார் ஐந்து மணி நேரம், மதியம் இரண்டு. ஆக ஏழு. உங்கள் வயதுக்கு அது குறைவே இல்லை! ஏழு மணி நேரத் தூக்கத்தைப் பன்னிரண்டு மணி நேரத்தில் பரப்பி வைத்திருக்கிறீர்கள், அதனால் எங்கே தொட்டாலும் கிழிகிறது.

மதியத் தூக்கத்தை அரை மணி நேரமாகச் சுருக்கி, பிற்பகல் இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், அலாரம் வைத்து. இரவில் பதினொன்றுக்குத்தான் கட்டில், காலை ஐந்துக்கு எழுந்துவிட வேண்டும், எப்படித் தூங்கியிருந்தாலும் சரி. அந்த ஆறு மணி நேரத்தில் ஐந்துக்குச் சற்று மேல் தூங்கினால், அதாவது 85 சதவீதம் வந்தால், அடுத்த வாரம் படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னால் கொண்டுவாருங்கள். வராவிட்டால் இன்னொரு வாரம் அப்படியே. இப்படி வாரத்துக்குக் கால் மணியாகக் கூட்டுங்கள். முதல் வாரம் பகலில் கண் சொக்கும், வண்டி ஓட்டாதீர்கள். புண் ஆறாத முதல் சில வாரங்களில் இருப்பவர்களும், வலிப்பு நோய் உள்ளவர்களும் இந்த முறையைத் தொடக் கூடாது.

படுத்துத் தூக்கம் வராவிட்டால், கால் மணி நேரம் ஆனதாகத் தோன்றும்போது (கடிகாரம் பார்க்காமல், அதைத் திருப்பி வையுங்கள்) எழுந்து மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்புங்கள். காலை எழுந்ததும் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடங்கள். மதியத்துக்குப் பின் காப்பியும் தேநீரும் வேண்டாம்.

இரண்டு மூன்று வாரம் இதைச் செய்தும் அதிகாலை முழிப்போடு எதிலும் பிடிப்பில்லாமல், பசியில்லாமல், காரணமின்றி அழுகை வருவதாக இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பைபாஸுக்குப் பின் அதிகம் பேருக்கு வருவது, சிகிச்சையில் சரியாவது. வெட்கப்பட்டு மறைப்பவர்கள் ஆண்கள்தான். படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்துப் பரிசோதனை கேளுங்கள், ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) சேர்த்து.

வலியால் தூக்கம் கெட்டால் பாராசிட்டமாலை மருத்துவர் சொன்ன அளவில், படுப்பதற்கு அரை மணி முன்னால் எடுக்கலாம். ஐபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் உங்களுக்கு ஆகாது.

கடைசியாக, தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். மூச்சு முட்டி எழுந்து, உட்கார்ந்தால்தான் அடங்குகிறது என்றாலும், நெஞ்செலும்பில் ‘க்ளக்’ என்று அசைவு தெரிந்தாலும், நெஞ்சுவலியோடு வியர்த்தாலும், துடிப்பு தாறுமாறாக ஓடினாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனைவியை எழுப்பி, அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.