இன்ஹிபிட்டர் அறிக்கை: எந்த ஆன்டிபாடி குறுக்கே நிற்கிறது?

ரத்தம் உறைய உதவும் புரதங்கள்தான் ஃபேக்டர்கள். அவற்றைச் செயலிழக்க வைக்கும் ஆன்டிபாடி இன்ஹிபிட்டர். அதற்கான சோதனைகள் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும் இங்கே.

மன்னார்குடி ஆய்வக வாசகர்: 60 வயதுப் பெண். ரத்தக்கசிவே இல்லை. ஏபிடிடி (ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் சோதனை) 70 நொடி, ஃபேக்டர் 8 அளவு 12 சதவீதம், பெதஸ்டாவில் (இன்ஹிபிட்டரை அளக்கும் சோதனை) 3 யூனிட். ஹீமோஃபீலியாவா (ரத்தம் சரியாக உறையாத நோய்)?

கசிவே இல்லை என்கிறீர்களே, துப்பு அதுதான். முதலில் த்ராம்பின் டைம் என்ற உறைதல் சோதனை போட்டு, சாம்பிளில் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கலக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். அடுத்த சந்தேகம் லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட் என்ற வேறொரு ஆன்டிபாடி. அது ஃபேக்டர் 8-ஐத் தாக்குவதில்லை. ஏபிடிடி ரீஏஜென்டில் (சோதனைக் கரைசல்) உள்ள பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஏபிடிடி வழியாக அளக்கும் 8, 9, 11 எல்லாமே குறைவாகத் தெரியும். பெதஸ்டாவும் பொய்யாக பாசிட்டிவ் காட்டும்.

8, 9, 11 மூன்றையும், பிளாஸ்மாவை 1:10, 1:20, 1:40 என நீர்த்து அளந்து பாருங்கள். கிடைத்த அளவை நீர்ப்பு மடங்கால் பெருக்கிய பிறகும் 12, 24, 45 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போனால் லூபஸ்தான். 9-ம் 11-ம் எழுந்து, 8 மட்டும் அடியிலேயே கிடந்தால் உண்மையான இன்ஹிபிட்டர். மிக்ஸிங் டெஸ்டிலும் (நோயாளியின் பிளாஸ்மாவை நார்மல் பிளாஸ்மாவோடு கலந்து பார்ப்பது) வித்தியாசம் தெரியும்: லூபஸ் என்றால் கலந்த உடனேயே நேரம் நீளும், ஃபேக்டர் 8 ஆன்டிபாடி பெரும்பாலும் 37 டிகிரியில் 2 மணி நேரம் வைத்த பிறகே முழுசாக வெளிப்படும். டிஆர்விவிடி (லூபஸைக் கண்டுபிடிக்கும் சோதனை), குரோமோஜெனிக் ஃபேக்டர் 8 (உறையும் நேரத்தை வைத்து அல்லாமல் நிற மாற்றத்தை வைத்து அளப்பது) இரண்டும் முடியாமல் அறிக்கை தராதீர்கள். லூபஸ் உள்ளவருக்குப் பயம் கசிவல்ல, ரத்தம் கட்டுவது. இன்ஹிபிட்டர் என நம்பி பைபாஸ் மருந்து (ஃபேக்டர் 8 இல்லாமலேயே ரத்தத்தை உறைய வைப்பது) ஏற்றினால் வம்புதான்.

கும்பகோணம் வாசகர்: ஹீமோஃபீலியா உள்ள பையனுக்கு நேற்றுதான் ஃபேக்டர் ஏற்றினோம். இன்ஹிபிட்டர் 'இல்லை' என்று வந்திருக்கிறது. நம்பலாமா?

பிளாஸ்மாவைச் சூடாக்கிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஏற்றிய ஃபேக்டரில் மிச்சமிருப்பது ஆன்டிபாடியை மறைத்துவிடும். 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் ஃபேக்டர் அழியும், ஆன்டிபாடி தாங்கும்; சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி மேலே தெளிந்ததை எடுத்துச் சோதிக்க வேண்டும். கூடவே நைமேகன் முறையா (பிஎச் மாறாமல் பார்த்துக்கொள்ளும், திருத்திய பெதஸ்டா) என்றும் கேளுங்கள். கலவையின் பிஎச் (அமில-கார அளவு) 7.4-இல் நிற்காவிட்டால் ஃபேக்டர் தானே குறைந்து, இல்லாத இன்ஹிபிட்டர் அரை யூனிட் போலத் தெரியும்.

நாகை வாசகர்: தஞ்சைக்கு சாம்பிளை ஐஸில் வைத்து அனுப்பலாமா?

முழு ரத்தத்தை ஐஸில் வைக்கவே கூடாது. ஃபேக்டர் 8 குறையும். நீல மூடி டியூபைக் கோடு வரை நிரப்பி (2.7 மி.லி. ரத்தத்துக்கு உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 0.3 மி.லி.), சென்ட்ரிஃப்யூஜில் இருமுறை சுழற்றி, பிளாஸ்மாவை 4 மணி நேரத்துக்குள் உறைய வைத்து, டிரை ஐஸில் அனுப்புங்கள். திருவாரூர் வழியே வெயிலில் ஊர்ந்து வரும் பேருந்தில் சாதா ஐஸ்பெட்டி எதற்கும் உதவாது. தஞ்சை ஆய்வகத்தில் அதை 37 டிகிரி நீரில் 5 நிமிடம் வைத்து உருக்க வேண்டும். மேசையில் மெல்ல உருகவிட்டால் ஃபேக்டர் 8 அடியில் படிந்துவிடும்.

எமிசிசுமாப் (ஃபேக்டர் 8-இன் வேலையைச் செய்யும் ஆன்டிபாடி ஊசி) போடுபவருக்கு எப்படிச் சோதிப்பது?

இங்கே குறுக்கே நிற்கும் ஆன்டிபாடி மருந்தேதான். ஏபிடிடி சுருங்கும், ஃபேக்டர் 8 பொய்யாக உயரும், சாதாரண பெதஸ்டா நெகட்டிவ் ஆகும். மாட்டின் புரதங்கள் கொண்ட குரோமோஜெனிக் கிட் மட்டுமே சரி; மனிதப் புரதக் கிட்டும் ஏமாற்றும். கடைசி ஊசிக்குப் பிறகும் 6 மாதம் வரை இப்படியே நீளலாம். ஆகவே சீட்டில் மருந்தின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் எழுதியே அனுப்புங்கள்.