மாநில வனவிலங்குத் துறை இதழ் தயாரிப்பது எப்படி? கேள்வி பதில்

அமெரிக்க மாநிலத் துறைகள் வேட்டை, மீன்பிடிப்பு, காட்டு நடையில் ஈடுபாடுள்ளவர்களுக்காக நடத்தும் இதழ்களைப் பற்றி வந்த கேள்விகள். பெரும்பாலும் மிசோரியை வைத்தே பதில் சொல்கிறேன்.

சார், விளம்பரமே இல்லாமல் எப்படி இலவசமாகக் கொடுக்கிறார்கள்?

மிசோரி மாநிலத் துறையின் இலவச இதழான 'மிசோரி கன்சர்வேஷனிஸ்ட்' 1938-இல் தொடங்கியது. 1976-இல் அந்த மாநில வாக்காளர்கள் எட்டில் ஒரு சதவீத விற்பனை வரியை இயற்கைப் பாதுகாப்புத் துறைக்கென ஒதுக்கினார்கள். அதாவது 8 டாலர் செலவு செய்தால் ஒரு சென்ட். எல்லா மாநிலத்துக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. மினசோட்டா இதழ் வாசகர் நன்கொடையை நம்பி நடக்கிறது, டெக்சாஸ் இதழ் சந்தாவை நம்பி. பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு பக்கக் கணக்கைப் போடுங்கள்.

நவம்பர் மான் வேட்டை இதழுக்கு எப்போது வேலையைத் தொடங்க வேண்டும்?

கட்டுரைக்கு ஜூலை போதும். படத்துக்கு முந்தைய நவம்பர். வெள்ளைவால் மான் கோடையில் செம்பழுப்பாக இருக்கும், ஆண் மானின் கொம்பில் மெல்லிய ரோமத்தோல் மூடியிருக்கும். நவம்பரில் உடல் சாம்பல் கலந்த பழுப்பு, கொம்பு தோலுரிந்து பளிச்சென்று தெரியும். ஜூலைப் படத்தை நவம்பர் அட்டையில் போட்டால் வாசகர் இதழைப் பிரிக்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவார்.

படங்களில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கட்டுரையில் ஒரு பிழை வந்தால் திருத்தம் போடலாம். படத்தில் இருப்பதையோ, "துறையே இப்படித்தான் செய்கிறது" என்று வாசகர் எடுத்துக்கொள்வார்.

துப்பாக்கி இருந்தால் குழல் யாரை நோக்கியிருக்கிறது, விரல் விசையில் இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தில் கட்டிய மேடையில் உட்கார்ந்திருப்பவர் உடலில் பாதுகாப்புப் பட்டை இருக்க வேண்டும். படகில் 7 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மிதவை அங்கி மிசோரியில் சட்டப்படியே கட்டாயம். ஆனால் இதழில் பெரியவர்களும் போட்டிருக்கட்டும். துப்பாக்கி மான் வேட்டைப் படமென்றால் தொப்பியும் மேலாடையும் ஆரஞ்சாக இருக்க வேண்டும், எந்தப் பக்கமிருந்தும் தெரிய வேண்டும். இலைக்கோலம் போட்ட ஆரஞ்சு அங்கே செல்லாது. படம் அழகாக இருக்கிறதே என்று இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

பெரிய மீனைத் தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிட்ட படமும் வேண்டாம். எடை முழுவதும் தாடையில் இறங்கும். மறு கை வயிற்றுக்கு அடியில் தாங்கியிருக்க வேண்டும்.

அந்த ஆரஞ்சு திரையில் எரிகிறது, அச்சில் செங்கல் நிறமாகிறதே?

அது ஒளிரும் சாயம், நான்கு வண்ண மையில் வரவே வராது. படத்தை சி.எம்.ஒய்.கே.-வுக்கு (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளுக்கு) மாற்றியதும் அங்கியை மட்டும் தேர்வு செய்து, வெளிச்சம் படும் இடங்களில் சயானையும் கறுப்பையும் கழித்துவிடுங்கள். மஞ்சள் முழுதாகவும் மெஜந்தா பாதிக்குச் சற்று மேலும் இருக்கட்டும். மடிப்பு நிழலில் கொஞ்சம் சயானை விட்டுவைக்காவிட்டால் அங்கி தட்டையான ஒட்டுத்துண்டு மாதிரி தெரியும். அட்டைக்கு மட்டும் ஐந்தாவதாக ஒளிரும் மை கேட்கலாம், செலவு கூடும். மொத்தப் படத்தின் செறிவையும் ஏற்றிவிடாதீர்கள், முகம் சிவந்துவிடும்.

34 பக்கம் போடலாமா?

நடுவில் பின் அடிக்கும் இதழில் பக்கங்கள் நான்கின் மடங்காகவே வரும். 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) இரண்டு, மேலே 4 பக்க அட்டை என்று வைத்தால் தாள் வீணாகாது. வெட்டுக்கு வெளியே நான்கு புறமும் எட்டில் ஓர் அங்குலம் படத்தை நீட்டுங்கள். நடுப் பக்கங்கள் வெளியே பிதுங்கி அதிகமாக வெட்டுப்படும் என்பதால் பக்க எண்ணை ஓரத்தில் ஒட்டி வைக்க வேண்டாம்.

வேட்டை அனுமதிக் காலத் தேதிகளை உத்தேசமாகப் போடலாமா?

கூடவே கூடாது. நம்பிப் போனவருக்கு அபராதம் விழும். வாத்து போன்ற வலசைப் பறவைகளுக்கு மத்திய அரசு வரம்பு வகுத்து, அதற்குள் மாநிலம் தேதி குறிக்கும். மாநிலம் ஒப்புதல் தராவிட்டால் தேதியை விட்டுவிட்டு, துறையின் விதிப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி போடுங்கள்.

அரிய ஆர்க்கிட் பூவின் இடத்தைச் சொல்லலாமா?

வேண்டாம். கிலுகிலுப்பைப் பாம்பு (ராட்டில்ஸ்னேக்) குளிர்காலம் கழிக்கும் பாறையிடுக்குக்கும் காட்டு ஜின்செங் மூலிகைக்கும் இதேதான். படக்குறிப்பில் மாநிலத்தின் எந்தப் பகுதி என்பதோடு நிறுத்துங்கள். இணையத்தில் ஏற்றும் கோப்பிலிருந்து ஜி.பி.எஸ். தகவலை நீக்கிவிடுங்கள். பின்னணியில் வழிகாட்டிப் பலகை ஏதும் விழுந்திருந்தால் அதையும் வெட்டுங்கள்.