லிங்கன் பிளாக்வுட் போன்ற அரிய பழைய சொகுசு பிக்கப்பைச் சேகரிப்புக்காக வாங்கலாமா?

"டெக்சாஸில் இருக்கிறேன். பக்கத்து ஊர் டீலரிடம் 2002 லிங்கன் பிளாக்வுட் ஒன்று வந்திருக்கிறது. 70,000 மைல் ஓடிய வண்டி, 18,000 டாலர் சொல்கிறார். மொத்தமே மூவாயிரத்துச் சொச்சம்தான் செய்தார்களாம். வாங்கிப் பத்து வருடம் வைத்திருந்தால் விலை ஏறுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு அந்த வண்டி பிடித்திருந்தால், ஓட்டி அனுபவிப்பதற்காக வாங்குங்கள். விலை ஏறும் என்ற ஒரே கணக்கில் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். நானும் டெக்சாஸில்தான் இருக்கிறேன், பழைய பிக்கப்புகள் மேல் எனக்குத் தீராத ஆசை, பிளாக்வுட் மேல் கூடுதலாகவே உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1998 மாடலாக வந்த லிங்கன் நேவிகேட்டர் என்ற பெரிய எஸ்யூவி நன்றாக விற்றது. பெரிய வண்டியில் சொகுசைச் சேர்த்தால் ஜனம் அள்ளிக்கொண்டு போகிறது என்று லிங்கனின் தாய் நிறுவனமான ஃபோர்டுக்குத் தெரிந்துவிட்டது. அதே யோசனையை பிக்கப்பிலும் செய்து பார்த்தார்கள். 1999 டெட்ராய்ட் கண்காட்சியில் பிளாக்வுட்டை மாதிரி வண்டியாக நிறுத்தினார்கள். பார்த்தவர்கள் கொண்டாடினார்கள், உடனே உற்பத்திக்கு முடிவெடுத்தார்கள். ஃபோர்டின் எஃப்-150 சூப்பர்க்ரூ பிக்கப்பின் அடிப்படை, நேவிகேட்டரின் முகம், அதே 5.4 லிட்டர், 32 வால்வு, 300 குதிரைத்திறன் வி8 என்ஜின். உள்ளே நாலு பேருக்கு நாலு தனி இருக்கைகள். நிறம் கறுப்பு மட்டும்தான். விலை சுமார் 52,500 டாலர், இன்றைய மதிப்பில் 90,000 டாலரைத் தாண்டும். வருடத்துக்குப் பத்தாயிரம் வண்டி விற்கலாம் என்று நினைத்திருந்தார்கள். 2002 என்ற ஒரே மாடல் ஆண்டோடு அமெரிக்காவில் கதை முடிந்தது. செய்தது 3,356 வண்டிகள்.

ஏன் விற்கவில்லை என்பது உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. நண்பர் ஒருவரிடம் பிளாக்வுட் இருந்தது. அதன் பின்னால் நின்று பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும். சாதாரண பிக்கப்பில் பின்கதவு கீழ்நோக்கி விழும். இதில் அலமாரிக் கதவு மாதிரி இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் திறக்கும். சாவியில் உள்ள பொத்தானை அழுத்தினால் மேல்மூடி மோட்டார் சத்தத்தோடு மெதுவாக எழும்பும். உள்ளே இரண்டு பக்கமும் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தரையில் கார்ப்பெட், ஓரத்தில் எல்இடி விளக்குகள். 2002-ல் இப்படி வேறு எந்த பிக்கப்பும் இல்லை. அவ்வளவு அழகு. ஆனால் அந்தக் கார்ப்பெட் மேல் ஒரு மூட்டை மண்ணை வைக்க யாருக்கு மனசு வரும்? மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டும் வேலையும் இதில் இல்லை, ஆகவே ஃப்ரிட்ஜ் மாதிரி உயரமான பொருள் எதையும் ஏற்ற முடியாது. பெட்டின், அதாவது பின்னால் சரக்கு ஏற்றும் பகுதியின், நீளம் ஐந்தடிக்கும் குறைவு. போதாக்குறைக்குப் பின்சக்கர இழுவை மட்டும்தான், நாலு சக்கர இழுவை கிடையாது. பனி விழும் மாநிலங்களில் இருப்பவர்கள் அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுங்கிவிட்டார்கள்.

அதே நேரத்தில் காடிலாக் நிறுவனம் எஸ்கலேட் இஎக்ஸ்டி-யைக் கொண்டுவந்தது. அதில் நாலு சக்கரமும் இழுக்கும். பின்சீட்டை மடித்து நடுத்தடுப்பை இறக்கினால் எட்டடி நீளப் பலகையையும் ஏற்றலாம். 2013 வரை அது ஓடியது. லிங்கனே பிளாக்வுட்டை விட்டுவிட்டு, 2006 மாடலாக மார்க் எல்டி என்று இன்னொரு பிக்கப் செய்தது. அதில் சாதாரணப் பெட்டும் நாலு சக்கர இழுவை வசதியும் இருந்தன.

அரிதாக இருப்பது வேறு, பலர் தேடுவது வேறு. காரைக்குடிப் பக்கம் எண்பது அறை வீடு அரிதுதான், ஆனால் விற்கப் போகும்போது வாங்க ஆள் வேண்டுமே. ஒரு வண்டி பிற்காலத்தில் விலை ஏறுகிறது என்றால், வந்த காலத்தில் அதை ஏங்கிப் பார்த்த பையன்கள் வளர்ந்து, கையில் காசோடு தேடி வருகிறார்கள் என்று அர்த்தம். 1991 ஜிஎம்சி சைக்ளோனை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தது 2,995 வண்டிகள், கிட்டத்தட்ட பிளாக்வுட்டின் எண்ணிக்கைதான். ஆனால் அந்தச் சின்ன பிக்கப்பின் 4.3 லிட்டர் டர்போ வி6 என்ஜின் 280 குதிரைத்திறன் கொடுத்தது. அந்த வருடமே 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை அதை ஃபெராரி 348-உடன் கால் மைல் ஓட்டத்தில் விட்டது, சைக்ளோன்தான் முந்தியது. அந்தக் கட்டுரையைப் படித்த பையன் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டான். லம்போர்கினி எல்எம்002-ம் அப்படித்தான். 1986 முதல் 1993 வரை சுமார் 300 வண்டிகளே செய்தார்கள். கவுன்டாக் என்ற தங்கள் ஸ்போர்ட்ஸ் காரின் வி12 என்ஜினைத் தூக்கி ஒரு பாலைவன வண்டியில் வைத்தார்கள். இன்று அதன் விலை லட்சக்கணக்கான டாலர்.

பிளாக்வுட்டுக்கு அப்படிச் சொல்ல ஒரு வெற்றி இல்லை. எந்தப் பையனும் அதன் படத்தைச் சுவரில் ஒட்டவில்லை. புதிதாக வந்தபோது கையில் காசு இருந்தவர்களே வேண்டாம் என்றதால்தான் அது அரிதானது.

மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இன்று அமெரிக்காவில் தோல் சீட்டும் மசாஜும் உள்ள 80,000, 90,000 டாலர் பிக்கப்புகள் சர்வசாதாரணம். பணக்காரர் பிக்கப்பைச் சொகுசு காராக வைத்துக்கொள்வார் என்று பிளாக்வுட் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது, பெட் விஷயத்தில்தான் கோட்டை விட்டார்கள். வாகன வரலாற்றில் அதற்கு ஓர் இடம் நிச்சயம் உண்டு. அந்த வரலாறு தெரிந்து தேடுபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் கூட்டம் சிறியது. அந்தச் சின்னக் கூட்டமும் நல்ல காசு கொடுப்பது சில ஆயிரம் மைல் மட்டுமே ஓடி, கராஜில் பொத்திவைத்த வண்டிகளுக்கு. 70,000 மைல் வண்டி அந்த வரிசையில் வராது.

சரி, கணக்குக்கு வருவோம். 18,000 டாலருக்கு டெக்சாஸ் விற்பனை வரி 6.25 சதவீதம், 1,125 டாலர். அப்புறம் நிறுத்த இடம். டெக்சாஸ் வெயிலில் வெளியே நிறுத்தினால் இந்த வண்டி வீணாகிவிடும், ஏன் என்று கீழே சொல்கிறேன். வீட்டு கராஜில் இடமில்லாமல் வாடகைக்கு எடுத்தால், மாதம் நூறு டாலர் என்று வைத்தாலே பத்து வருடத்துக்கு 12,000. இன்சூரன்ஸ், பேட்டரி, டயர், ஆயில், சில்லறைப் பழுது எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 800 என்று குறைவாகப் போட்டாலும் 8,000. ஆகப் பத்து வருடம் கழித்து 39,000 டாலருக்கு விற்றால்தான் போட்ட காசு கைக்கு வரும். நஷ்டத்துக்கு விற்றால், சொந்த உபயோக வண்டி என்பதால் அந்த நஷ்டத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது. லாபம் வந்தாலோ வரி உண்டு. அதே 18,000-ஐ ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டால் கராஜ் வாடகை கேட்காது.

இவ்வளவு சொன்ன பிறகும், வண்டியைப் பார்க்கும்போது மனசு துள்ளுகிறது என்றால், போய்ப் பாருங்கள். 70,000 மைல் ஓடியிருப்பது உங்களுக்கு நல்லதுதான். மூவாயிரம் மைல் வண்டியை வாங்குபவர் ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் விலை குறைகிறதே என்று கவலைப்படுவார். ஓட்டாமலே வைத்தால் சீல்கள் காய்ந்து கசியும், பெட்ரோல் கெட்டுப்போகும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏறி ஒரு நூறு மைல் போய் வரலாம்.

பார்க்கப் போகும்போது என்ஜினிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். என்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், முன்பகுதி எல்லாம் எஃப்-150, நேவிகேட்டர் குடும்பம். எந்த ஊர் மெக்கானிக்கும் பார்ப்பார், பார்ட்ஸ் கிடைக்கும். பின்பெட்டிதான் இந்த வண்டியின் உயிர். அதன் பாகங்கள் வேறு எந்த வண்டியிலும் கிடையாது, புதிதாகவும் யாரும் செய்வதில்லை. பழுதானால், இன்னொரு பிளாக்வுட்டை யாராவது பிரித்து விற்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

முதலில் பெட்டின் வெளிப்பக்கப் பலகைகள். கண்காட்சி வண்டியில் அது வெங்கே என்ற ஆப்பிரிக்கக் கருமரம். விற்பனைக்கு வந்த வண்டிகளில் மரம் இல்லை. மரரேகை போலத் தோன்றும் செயற்கைப் பலகை, நடுநடுவே மெல்லிய அலுமினியக் கோடுகள். வெயில் பட்டுப் பட்டு மேல்பூச்சு வெளுத்துப்போகும். நண்பரின் வண்டியில் ஓட்டுநர் பக்கம் கருகருவென்று இருந்தது, வெயில் விழுந்த மறுபக்கம் சாம்பல் பூத்தது போல இருந்தது. கிட்டப் போய்ச் சாய்ந்த வெளிச்சத்தில் கீழ் ஓரம் வரை பாருங்கள். கோடுகள் எங்காவது தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டீலர் எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கி வைத்திருக்கலாம், ஒரு துணியால் ஓரத்தில் துடைத்துப் பார்க்கத் தயங்காதீர்கள்.

அடுத்தது மூடி. இரண்டு மூன்று தடவை திறந்து மூடச் சொல்லுங்கள். பாதியில் நின்றாலோ, ஒரு பக்கம் சாய்ந்து ஏறினாலோ பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். கார்ப்பெட்டைக் கையால் அழுத்தி முகர்ந்து பாருங்கள், ஈர வாடை அடித்தால் ரப்பர் பீடிங் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. பின்கதவுகள் இரண்டும் இழுக்காமல், உரசாமல் மூட வேண்டும். பின்பக்கம் காற்று ஸ்பிரிங் உண்டு. ஒரு இரவு நின்ற வண்டி காலையில் பின்னால் தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் காற்று கசிகிறது. இது சரிசெய்யக்கூடிய பழுதுதான், விலையைக் குறைக்க உதவும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். பிரேக்கை மிதித்ததும் க்ரூஸ் கன்ட்ரோலை அணைக்கும் ஒரு சுவிட்சுக்காக ஃபோர்டு லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது (ரீகால்). பிரேக் ஆயில் அந்தச் சுவிட்சுக்குள் கசிந்து, நிறுத்தி வைத்த வண்டிகூடத் தீப்பிடித்த சம்பவங்கள் நடந்தன. பிளாக்வுட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. அரசு இணையதளத்தில் இவ்வளவு பழைய ரீகால் காட்டாமல் போகலாம், அதனால் லிங்கன் டீலரின் சர்வீஸ் பிரிவில் வண்டியின் அடையாள எண்ணை (வின்) கொடுத்து, அந்த வேலை முடிந்ததா என்று கேளுங்கள். முடியாத வண்டியை வீட்டோடு ஒட்டிய கராஜில் ஒரு ராத்திரிகூட நிறுத்தாதீர்கள்.

டயர் புதிதுபோல் தெரிந்தாலும் பக்கவாட்டில் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 1412 என்றால் 2012-ன் 14-வது வாரம் செய்தது. மேல் ரப்பர் தேயாமல் இருந்தாலும் அந்த வயசு டயரில் நெடுஞ்சாலை ஏறக் கூடாது, நாலையும் மாற்றும் காசை விலையில் கழித்துக் கேளுங்கள். பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் வடக்கு மாநிலத்தில் ஓடிய வண்டியா என்று வரலாற்று அறிக்கையில் தெரியும், வண்டியைத் தூக்கி சேஸிஸின் அடியில் துரு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வாங்கினால் வழக்கமான இன்சூரன்ஸ் போடாதீர்கள். விபத்து என்றால் 'இருபது வருடம் பழைய எஃப்-150' என்று கணக்குப் பண்ணிக் கொஞ்சம் காசு கொடுத்துவிடுவார்கள். சேகரிப்பு வண்டிகளுக்கென்று, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசி உண்டு, அதை எடுங்கள். டெக்சாஸில் 25 வருடம் ஆன வண்டிக்கு ஆன்டிக் நம்பர் பிளேட் கிடைக்கும், 2002 வண்டிக்கு அது 2027-ல் வரும். ஆனால் அந்தப் பிளேட் போட்டபின் தினசரி வேலைக்கு ஓட்டக் கூடாது.

ஊருக்குத் திரும்பும்போது கூடவே கொண்டுபோகலாம் என்ற நினைப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் பழைய வண்டியையோ, இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியையோ சாதாரண வழியில் இந்தியாவுக்குள் விடமாட்டார்கள்.

என் கணக்கில், பலகைகள் இரண்டு பக்கமும் ஒரே நிறமாக, மூடி தடங்கலில்லாமல் ஓடினால் 15,000-லிருந்து பேச்சைத் தொடங்குங்கள், 17,000-க்கு மேல் போகாதீர்கள். இரண்டில் ஒன்று பழுது என்றால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். போய்ப் பார்த்துவிட்டு, பலகைகளின் கீழ் ஓரத்தையும் மூடியின் கீல்களையும் கிட்ட நின்று படம் எடுத்துப் பின்னூட்டத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.