பாலைவனம் யாரைக் குற்றம் சொல்கிறது?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் முதல் சிறுகதையை இணைத்திருக்கிறேன். கதை 2085-இல் நடக்கிறது. காவிரி வற்றி டெல்டா பாலைவனமாகிவிட்டது. ஒரு பாட்டி தன்னிடம் மிஞ்சிய கடைசி நெல்மணிகளைப் பேத்தியிடம் கொடுக்கிறாள். எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் படித்தபோது மூத்த எழுத்தாளர் ஒருவர், "இன்றைய விவசாயி படும் பாட்டை எழுதாமல் எதிர்காலத்துக்கு ஓடுகிறீர்கள். டிஸ்டோபியா, அதாவது கெட்டுப்போன எதிர்காலத்தைக் காட்டும் கதை, மேல்நாட்டுச் சரக்கு" என்றார். இப்படிப்பட்ட கதை சமூக விமர்சனம் ஆகாதா?

ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆகும். ஆனால் உங்கள் கதை இன்னும் ஆகவில்லை. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

எதிர்காலத்தை எழுதுவது ஓடி ஒளிவது என்று அந்த மூத்தவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ரஷ்யாவில் ஸம்யாதின் 'நாம்' நாவலை எழுதியது 1920-21இல். புரட்சி நடந்து நாலு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. கண்ணாடி வீடுகளில், பெயருக்குப் பதில் எண்களோடு வாழும் மனிதர்களின் கதை அது. 1924-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நாவல், அவருடைய சொந்த நாட்டில் அச்சேற 1988 ஆயிற்று. ஏதோ தொலைதூரக் கற்பனை என்று அங்கிருந்த அதிகாரிகள் அதை விட்டுவிடவில்லை. தங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1941 முதல் 1943 வரை பிபிசியில் இந்தியாவுக்கான ஒலிபரப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். போர்க்காலத் தணிக்கையை உள்ளிருந்து பார்த்தவர். அவருடைய '1984' நாவலில் பழைய செய்தித்தாளைத் திருத்தும் குமாஸ்தா அத்தனை நிஜமாக இருப்பதற்கு அந்த அனுபவமும் காரணம்.

மேல்நாட்டுச் சரக்கு என்பதும் சரியில்லை. உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் பூம்புகார். அந்த நகரம் கடலில் போனதை மணிமேகலை எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். கப்பல் உடைந்து சோழ அரசனின் மகன் காணாமல் போகிறான். அவனைத் தேடும் துக்கத்தில் அரசன் இந்திர விழாவை நடத்தத் தவறுகிறான். அந்தச் சாபத்தால் கடல் ஊரைக் கொள்கிறது. அரசனின் துக்கம் நியாயமானதுதான். ஆனாலும் அவன் கடமை தவறியதற்கு ஊரே விலை கொடுக்கிறது. காப்பியம் வெறும் அலையைக் காட்டிவிட்டுப் போகவில்லை. யார் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பதையும் சொல்கிறது.

உங்கள் கதையில் இல்லாதது இதுதான். பாலைவனம் இருக்கிறது, அதை உண்டாக்கியவர் ஒருவரும் இல்லை. மழை பொய்த்தது, ஆறு வற்றியது, எல்லோரும் அழுகிறார்கள். படிப்பவருக்கு மனசு கனக்கும், அவ்வளவுதான். யாருக்கும் உறுத்தாது. டிஸ்டோபியா கோபத்தோடு எழுதப்படும் வடிவம். இன்று நடைமுறையில் இருக்கும் ஒரு விதியை எடுத்து, அதை இன்னும் பல வருடம் ஓடவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று பார்ப்பதுதான் அதன் வேலை.

அப்படிப்பட்ட விதிகளுக்கு உங்கள் ஊரில் பஞ்சமா? நேரடி நெல் கொள்முதல் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், குவித்து வைத்த நெல் அங்கேயே முளைவிடும். ஒவ்வொரு முறையும் தளர்வு கேட்டு மனு போகும், தளர்வு வரும், அதற்குள் பாதி நெல் கறுத்திருக்கும். அப்புறம், நெல்லை விற்கக் காட்ட வேண்டிய சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுக் காகிதங்கள். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுபவரிடம் எந்தக் காகிதமும் கிடையாது. வயலில் நின்று விளைவித்தவர் அவர், பதிவேட்டில் இருப்பது வேறொருவர் பெயர். இந்த ஒன்றை மட்டும் 2085 வரை கொண்டுபோங்கள். காகிதத்தில் உள்ளவர் மட்டுமே விவசாயி, மற்றவர் வயலில் கால் வைத்தாலே குற்றம் என்ற ஒரு உலகத்தை நினைத்துப் பாருங்கள். எனக்கு உங்கள் பாலைவனத்தைவிட அது அதிகம் பயமாக இருக்கிறது.

காவிரி டெல்டாவுக்காக 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தையும் கவனியுங்கள். மீத்தேன் திட்ட எதிர்ப்பு, நெடுவாசல் போராட்டம் என்று வருடக்கணக்காக மக்கள் உட்கார்ந்து போராடியதற்குக் கிடைத்த பலன் அது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். புதிய ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) திட்டங்களை அது தடுக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றைத் தொடவில்லை. 'புதியது', 'ஏற்கெனவே உள்ளது' என்ற இந்த ஒரு கோட்டை வைத்தே ஒரு நாவல் எழுதலாம்.

இன்னொன்று, இதை நான் சொல்லியே ஆகவேண்டும். உங்கள் பாட்டி பேத்தியிடம் பழைய டெல்டாவைப் பற்றிப் பேசும் இரண்டு பக்கமும் அழகாக இருக்கின்றன, அந்த அழகுதான் எனக்குச் சிக்கல். சோழ நாடு சோறுடைத்து, முப்போகம், கரை புரளும் வெண்ணாறு. எந்தப் பாட்டி அவர்? நிலம் வைத்திருந்த வீட்டுப் பாட்டியா, அந்த நிலத்தில் நடவு நட்ட பாட்டியா? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதும் சங்கத்தை விட மறுத்ததும்தான் அவர்கள் செய்தது. காவிரியில் தண்ணீர் ஓடிய காலம் அது. அந்தத் தெருவில் பிறந்த ஒரு பாட்டிக்கு, கெட்டுப்போன எதிர்காலம் என்பது புதிதாக வரப்போகிற ஒன்றல்ல. அவர் பேத்தியிடம் வேறு கதை சொல்வார். டிஸ்டோபியா எழுதுபவர்கள் அடிக்கடி விழும் குழி இது. வரப்போவதைத் திட்டும் வேகத்தில் போனதையெல்லாம் பொற்காலமாக்கிவிடுகிறோம். சமூக விமர்சனம் அங்கேயே செத்துவிடுகிறது.

கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1985-இல் வந்த 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' என்ற தன் டிஸ்டோபியா நாவலுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். மனித வரலாற்றில் எங்காவது நடந்திராத எதையும் சேர்ப்பதில்லை என்று. உங்களுக்கும் அதையே சிபாரிசு செய்வேன், ஒரு சின்ன மாற்றத்தோடு: டெல்டாவில் நடந்திராத எதையும் சேர்க்காதீர்கள். அந்தக் கட்டுப்பாட்டோடு எழுதினால் மூத்தவரின் புகாருக்கும் வேலை இருக்காது.

சம்பா அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்தில் ஒரு பகல் முழுக்க இருந்து பாருங்கள். மூட்டை தூக்குபவர், எடை போடுபவர், டோக்கனோடு காத்திருப்பவர் எல்லோரிடமும் பேசுங்கள். கடைமடையில் முறைத் தண்ணீருக்காக ராத்திரி மதகடியில் படுத்துக் கிடந்தவர்களையும் ஷட்டர் திறக்கும் லஸ்கரையும் பாருங்கள். அப்புறம் உங்கள் 2085-க்கு ஒரு சட்டம் எழுதுங்கள். நாலைந்து வரி போதும், அரசாணை நடையில் இருக்கட்டும். அதன்படி யாருக்குத் தண்ணீர், யாருக்கு இல்லை என்று தெரிந்த பிறகு பாட்டியையும் பேத்தியையும் அதற்குள் கொண்டுவாருங்கள். திருத்தியதும் அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.

அன்புடன்