ஓட்டப் பந்தயத்தில் ஒரே ஒரு தவறான தொடக்கத்துக்கே வெளியேற்றுவது நியாயமா?

2011 தேகு உலக சாம்பியன்ஷிப், 100 மீட்டர் இறுதி. துப்பாக்கி வெடிக்கும் முன்பே உசைன் போல்ட் பாய்ந்துவிட்டார்; உடனே வெளியேற்றினார்கள். கடுமையான விதிதான், ஆனால் எல்லாருக்கும் ஒன்றே. 2003 முதல் 2009 வரை முதல் தப்பு மொத்தப் பேருக்கும் எச்சரிக்கை. அடுத்து யார் முந்தினாலும் அவர் அவுட். வேண்டுமென்றே ஒருவர் முந்தி, மற்றவர்களைப் பதறவைக்கலாம். அதற்கு இது தேவலை.

என் சண்டை 0.1 விநாடி எல்லையோடுதான். துப்பாக்கி வெடித்த பின் அதற்குள் ஸ்டார்டிங் பிளாக்கில் (கால் ஊன்றிக் கிளம்பும் கட்டை) கால் அழுந்தினால், சத்தம் கேட்காமல் ஊகித்துக் கிளம்பினார் என்று கணக்கு. 2022 யூஜின் உலக சாம்பியன்ஷிப், 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்ட இறுதியில் அமெரிக்க வீரர் டெவன் ஆலனுக்கு 0.099 விநாடி. எல்லைக்கு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் குறைவு! சத்தத்துக்குப் பிறகுதான் கிளம்பினார். ஆனாலும் வெளியே அனுப்பினார்கள். எல்லார் உடம்புக்கும் ஒரே வேக வரம்பா என்ன?