நல்ல காரியத்துக்கு உலக சாதனை: திருகோணமலைக் கேள்விகளும் பதில்களும்

சாதனை முயற்சிகளில் சாட்சியாகவும் நேரம் கணிப்பவராகவும் நின்ற அனுபவத்தை வைத்து இந்தப் பதில்களை எழுதுகிறேன். விதிமுறை, சாட்சி, பாதுகாப்பு, சேர்ந்த காசின் கணக்கு ஆகியவை பற்றிக் கேளுங்கள்.

உப்புவெளி, பழைய மாணவர் ஒருவர்: சிறுநீரக நோயாளருக்கு நிதி சேர்க்க ஒரு கின்னஸ் சாதனை செய்ய நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?

நிகழ்வு முடிந்த மறுநாள் அந்த நோயாளருக்கு என்ன கிடைத்திருக்க வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குப் பொருந்துகிற சாதனையைப் பிறகு தேடுங்கள். சாதனை கைகூடாமல் போனாலும் தாளில் எழுதியது நடக்கும் என்றால் மட்டும் இறங்குங்கள்.

அப்புறம் கின்னஸின் விதிகள். நீங்கள் செய்வதை அளக்க முடிய வேண்டும், ஆதாரம் காட்ட முடிய வேண்டும், வேறொரு நாட்டில் இருப்பவர் அதே விதியில் செய்து முறியடிக்கவும் முடிய வேண்டும். ஒரு சாதனைக்கு ஒரே ஓர் அளவைத்தான் எடுப்பார்கள். இணையம் வழியாக அனுப்பும் சாதாரண விண்ணப்பத்துக்குப் பதில் வர 12 வாரம் வரை ஆகலாம். மண்டபத்தையும் அதிதிகளையும் ஒழுங்கு செய்துவிட்டு விண்ணப்பிப்பவர்கள் இங்கே நிறையப் பேர். தயவுசெய்து விதிமுறைக் கோவை கைக்கு வந்த பிறகு நாள் குறியுங்கள்.

சாட்சிகள் உங்கள் சொந்தக்காரராகவோ சங்கத்தவராகவோ இருக்கக் கூடாது. நீண்ட நேரச் சாதனை என்றால் ஒரு சாட்சி தொடர்ந்து 4 மணி நேரம்தான் இருக்கலாம், பிறகு ஆள் மாற வேண்டும். கூட்டமாகச் செய்வதற்கு 50 பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். ஏகாம்பரம் மைதானத்தில் 1000 பேரைக் கூட்டினால் 20 மேற்பார்வையாளர். முயற்சிகள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆட்கள் வந்து நிற்பார்கள், ஒழுங்காக எண்ணிக் கையெழுத்து வைக்க ஆள் இருக்காது.

கிண்ணியா: சாதனை செய்தால் கின்னஸ் எவ்வளவு காசு தரும்?

தராது.

மூதூர், தாயார் ஒருவர்: மகளுக்கு 7 வயது. புற்றுநோய் விழிப்புணர்வுக்காக 12 மணி நேரம் தொடர்ந்து பரதம் ஆட வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. ஆபத்து உள்ள முயற்சிகளில் 16 வயதுக்குக் குறைந்தவர்களைக் கின்னஸ் ஏற்கவும் மாட்டாது. ஏற்றாலும் நான் இதையேதான் சொல்வேன். 2017 இல் கண்டியில் 3.2 கிலோமீற்றர் நீளச் சேலையோடு ஒரு திருமணம் நடந்தது. அந்தச் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க 250 பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை விசாரணை தொடங்கியது. காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிள்ளையின் உடம்பை அதற்குக் கூலியாகக் கொடுக்க முடியாது. மகள் விருப்பத்துக்கு அரை மணி நேரம் ஆடட்டும். சபையில் நன்கொடைப் பெட்டியை வையுங்கள்.

நிலாவெளி, சுழியோடிப் பயிற்றுநர்: புறாத்தீவில் கடலுக்கடியில் குப்பை அகற்றிச் சாதனை செய்யலாமா?

இப்படியான கேள்விக்குத்தான் காத்திருந்தேன். இங்கே சாதனையும் காரியமும் ஒன்றுதான். அமெரிக்காவில் புளோரிடாவின் டியர்ஃபீல்ட் கடற்கரையில் 2019 இல் 633 சுழியோடிகள் ஒன்றாக இறங்கிக் கடலடியைச் சுத்தம் செய்து சாதனை படைத்தார்கள். அங்கே எண்ணப்பட்டது தலைகள். நமக்கு இடிப்பதும் அதுதான். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்குள்ள பவளப்பாறை ஏற்கனவே மிதிபட்டு நொந்த பாறை. நூற்றுக்கணக்கானவர்களை அதற்கு மேலே ஒரே நேரத்தில் இறக்கினால் எடுக்கிற குப்பையைவிட உடைக்கிற பவளம் அதிகமாகும்.

ஆகவே புறாத்தீவை விட்டுவிடுங்கள். மணல் அடி உள்ள ஓர் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். ஆட்களின் தொகையை விட்டு, எடுத்த குப்பையின் நிறையை அளக்கிற ஒரு புதிய சாதனையை முன்மொழிந்து பாருங்கள். தராசு, நிறுப்பவர், வீடியோ மூன்றும் கரையிலேயே இருக்கட்டும். அங்கும் இடையிடையே பாறை இருந்தால், அதில் சிக்கிய வலைத் துண்டுகளை அனுபவசாலிகள் மட்டும் வெட்டி எடுக்க வேண்டும், புதியவர் இழுத்தால் பவளமும் சேர்ந்து வரும். வனஜீவராசிகள் திணைக்களம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், கடற்படை மூன்றிடமும் முன்கூட்டியே பேசுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை நமது கடல் அமைதி, மாரியில் நினைக்கவே வேண்டாம். இதைச் செய்வதென்றால் எனக்கு எழுதுங்கள், சாட்சியாக வந்து நிற்பேன்.

பாலையூற்று: கின்னஸுக்கு எவ்வளவு கட்டணம்?

ஏற்கனவே உள்ள சாதனைக்கான சாதாரண விண்ணப்பத்துக்குப் பணம் வேண்டாம், புதிய சாதனையை முன்மொழிந்தால் ஒரு சிறு கட்டணம் கேட்கலாம். அவசரமாகப் பதில் வேண்டுமென்றாலும், நடுவரை நேரில் அழைத்தாலும் பெரிய தொகை கேட்பார்கள். நிதி சேர்க்கிற நிகழ்வுக்கு இரண்டும் தேவையில்லை. ஆதாரங்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம்.

நகரம், இளைஞர் கழகம்: ஆகஸ்டில் டச்சுக்குடாக் கடற்கரையில் 1 லட்சம் பலூன் பறக்கவிடப் போகிறோம். புற்றுநோய்ப் பிள்ளைகளுக்காக. உங்கள் ஆலோசனை?

செய்யாதீர்கள். இதைப் பற்றி யார் கேட்டாலும் எழுதுவேன், மறுபடியும் எழுதுகிறேன்.

1986 செப்டெம்பர் 27 அன்று அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் ஒரு தொண்டு நிறுவனம் நிதி திரட்ட ஏறக்குறைய 15 லட்சம் பலூன்களை ஒரே நேரத்தில் விட்டது. உலக சாதனைதான். குளிர்ந்த காற்றும் மழையும் வர, காற்று இறங்காத பலூன்கள் அப்படியே நகரத்திலும் ஈரி ஏரியிலும் விழுந்தன. விமான ஓடுபாதையைச் சிறிது நேரம் மூட வேண்டி வந்தது. அதே நேரம் ஏரியில் காணாமல் போன இரண்டு மீன்பிடிகாரர்களைக் கரையோரக் காவற்படை தேடிக்கொண்டிருந்தது. தண்ணீர் நிறையப் பலூன் மிதக்க, மனிதத் தலை எது பலூன் எது என்று தேடியவர்களால் பிரிக்க முடியவில்லை. இருவரும் பிணமாகத்தான் கிடைத்தார்கள். தொண்டு நிறுவனம் வழக்குக்கும் முகம் கொடுத்தது. பலூன் விடும் சாதனைகளைக் கின்னஸ் இப்போது ஏற்பதில்லை.

நம் ஊரில் ஆகஸ்டில் வீசுவது தரைப்பக்கமிருந்து வரும் கச்சான் காற்று. நீங்கள் விடுகிற ஒவ்வொரு பலூனும் நேரே வங்காள விரிகுடாவுக்குத்தான் போகும்.

அதே கழகம்: ரப்பர் பலூன் உக்கிவிடும் என்று கடைக்காரர் சொன்னாரே?

உக்கும். கடல் நீரில் அதற்கு மாதக்கணக்கு வேண்டும். அதுவரை கிழிந்த துண்டு ஆமையின் கண்ணுக்குச் சொறிமுட்டை போலத் தெரியும். தின்றால் குடல் அடைக்கும்.

குச்சவெளி, மீனவர் ஒருவர்: நாங்களும் கிழிந்த வலையைக் கடலில் விடுகிறோம் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு நாள் பலூனுக்கு ஏன் இவ்வளவு?

அண்ணா, உங்கள் வலை தொழிலில் தொலைகிறது, அதைத் தொலைக்க நீங்கள் விரும்புவதில்லை. பலூனைக் குப்பையாக்குவதற்கென்றே விடுகிறார்கள். அதோடு, கடலில் ஆள் தவறினால் தேடப் போவதும் நீங்கள்தான். கிளீவ்லண்டில் தேடியவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நகரம், இன்னொருவர்: அப்போ வான விளக்கு விடலாமா?

நெருப்பை எங்கே விழும் என்று தெரியாமல் அனுப்புவதா? ஓலைக் கூரையும் காய்ந்த புல்லும் உள்ள மாவட்டம் இது. வேண்டாம்.

இளைஞர் கழகம், மறுபடியும்: சரி, பலூனுக்குப் பதிலாக என்ன?

அந்த 1 லட்சம் பலூனின் விலையைக் கணக்குப் பாருங்கள். அந்தத் தொகையை மருந்துக்குக் கொடுத்துவிட்டு, எவ்வளவு கொடுத்தோம் என்று பதாகையில் எழுதுங்கள். கூட்டம் வேண்டுமென்றால் இரத்ததானம் வையுங்கள். புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு இரத்தம் உண்மையாகவே தேவை.

சாம்பல்தீவு: எங்கள் தம்பி நல்லாக நீந்துவான். நிதி சேர்க்க ஆங்கிலக் கால்வாயை நீந்தலாமா?

ஆழிக்குமரன் ஆனந்தனை அவன் அறிந்திருக்க வேண்டும். வல்வெட்டித்துறைக்காரர். 1971 இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் 51 மணி நேரத்தில் நீந்தியவர். அப்படிப்பட்ட நீச்சல்காரர் 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் இறந்தார். நமது கடல் சுமார் 28 பாகை செல்சியஸ் இருக்கும், அங்கே கோடையிலும் 15 முதல் 18 வரைதான். இங்கே எவ்வளவு தூரம் நீந்தினாலும் அந்தக் குளிருக்கு உடம்பு பழகாது. குளிர் நீரில் நீண்ட காலப் பயிற்சி, துணைப் படகு, மருத்துவர், கால்வாய் நீச்சல் சங்கத்தின் பதிவு இவை எல்லாம் அமைந்தால் மட்டும் போகட்டும். முதலில் இங்கேயே பாதுகாப்புப் படகோடு நீந்தி நிதி சேர்க்கலாம். சாதனை என்ற பெயர் இல்லாவிட்டாலும் சனம் காசு கொடுக்கும்.

கன்னியா: மனநல விழிப்புணர்வுக்காக 5 நாள் தூங்காமல் இருக்கப் போகிறேன்.

தூங்காமல் இருக்கும் சாதனைகளைக் கின்னஸ் 1997 முதல் கண்காணிப்பதில்லை. உடல்நலக் கேடுதான் காரணம். மனநலத்துக்காக மனநலத்தைக் கெடுக்காதீர்கள் தம்பி.

சீனக்குடா: கின்னஸுக்குக் கட்டணம் எவ்வளவு?

மேலே பாலையூற்றுக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

தம்பலகாமம்: இன ஒற்றுமைக்காக ஏதாவது பெரிதாகக் கட்டிச் சாதனை செய்தால்?

2016 இல் காலிமுகத்திடலில் கட்டிய செயற்கை நத்தார் மரமும் ஒற்றுமைக்காகத்தான். 72.1 மீற்றர் என்று கின்னஸில் பதிவானது. ஆனால் காசை வீணாக்குகிறார்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபையே கண்டித்தது, இடையில் வேலையும் நின்றது. பெரிதாகக் கட்டினால் சனம் கேட்கிற முதல் கேள்வி செலவு பற்றித்தான்.

திருக்கடலூர்: சேர்ந்த காசின் கணக்கை எப்படிக் காட்டுவது?

நிகழ்வுக்கு முன்பே தனி வங்கிக் கணக்கு, மூன்று பேர் கையெழுத்து. அதில் ஒருவர் ஏற்பாட்டுக் குழுவுக்கு வெளியே இருக்கட்டும். 1986 மே 25 அன்று அமெரிக்காவில் கடற்கரைக்குக் கடற்கரை கைகோர்த்து நின்று பசிக்கெதிராகச் சுமார் 3 கோடி 40 லட்சம் டொலர் சேர்த்தார்கள். செலவு போக ஏழைகளுக்குப் போனது சுமார் 1 கோடி 50 லட்சம். நேர்மையானவர்களும் செலவைக் கவனிக்காவிட்டால் பாதி அப்படிப் போய்விடும்.

இன்னொன்று, பயனாளி நிறுவனத்தின் கணக்குக்கு நேரடியாகக் காசு போகிற வழி இருந்தால் அதையே எடுங்கள். இங்கிலாந்தில் 2020 இல் கப்டன் டொம் மூர் என்ற முதியவர் 100 ஆவது பிறந்தநாளுக்கு முன் தன் தோட்டத்தில் நடந்து, 3 கோடி பவுண்டுக்கு மேல் சேர்த்துச் சாதனை படைத்தார். அது அரச மருத்துவ சேவையின் அறக்கட்டளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு அவர் பெயரில் தொடங்கிய வேறொரு அறக்கட்டளையில் குடும்பத்தார் நடந்துகொண்ட முறை தவறு என்று 2024 இல் அந்நாட்டு அறக்கட்டளை ஆணையம் அறிக்கை விட்டது. நிகழ்வு முடிந்து இரண்டு வாரத்துக்குள் வரவு, செலவு, பற்றுச்சீட்டு எண் மூன்றையும் எழுதி மைதான வாசலில் ஒட்டுங்கள்.